ரம்பத்தின் இரைச்சலும் ஒரு ராணுவ டாக்டரும்

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவன் எழுதியது)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது முதலில் நழுவத்தான் பார்த்தேன். கவிதை எனக்கு வராது. எங்கள் வகுப்பில் மட்டும் காதல் கவிதை கொடுத்தவர்கள் பதினொரு பேர். அந்தக் கூட்டத்தில் நானும் எதற்கு? அதனால் எனக்குத் தெரிந்த ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். தெரிந்தவர் என்றால் நேரில் பார்த்தவர் இல்லை. அவர் இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெயர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். நம்முடைய முதலாண்டு இயற்பியல் புத்தகத்தில் ஒரே ஒரு வரியில் வந்து போவார். அந்த வரியை நானும் உங்களைப் போலவே இரண்டு மார்க்குக்காக மனப்பாடம் செய்து, பரீட்சை எழுதி, மறந்து போனவன்தான்.

மறந்தவரை மறுபடி ஞாபகப்படுத்தியது ஒரு ரம்பம்.

இரண்டாமாண்டு முடிந்த விடுமுறையில் ஒரு மரச்சாமான் பட்டறைக்கு இன்-பிளான்ட் டிரெயினிங் போயிருந்தேன். எந்த ஊர், யார் பட்டறை என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அங்கே ஒரு சர்க்குலர் சா இருந்தது. மேஜைக்கு அடியில் மோட்டார், பெல்ட் போட்டு மேலே வட்ட ரம்பம். சத்தம் தாங்கவில்லை என்று வேலையாட்கள் சொல்லிச் சொல்லி, கடைசியில் முதலாளி மேஜையின் அடிப்பக்கத்தை நாலு புறமும் தகரம் வைத்து அடைத்து விட்டார். மரத்தூள் விழுவதற்கு மட்டும் கீழே ஒரு வாய். மூடியாகி விட்டது, இனி சத்தம் இருக்காது என்பது அவர் கணக்கு.

நடந்தது வேறு! ரம்பத்தின் கீச்சுச் சத்தம் கொஞ்சம் குறைந்தது உண்மைதான். ஆனால் புதிதாக ஒரு சத்தம் வந்து சேர்ந்தது. ஹூம்... ஹூம்... என்று வயிற்றைக் குமட்டுகிற மாதிரி ஒரு முழக்கம். கோயில் திருவிழாவில் பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால் நெஞ்சுக்கூட்டில் ஒன்று இடிக்குமே, அது மாதிரி. மேஸ்திரி அண்ணன் போய்ச் சொன்னதற்கு, மூடாமல் இருந்தாலும் குறை, மூடினாலும் குறையா என்று முதலாளி எரிந்து விழுந்தார். பேச்சு அதோடு முடிந்தது.

எனக்கு மட்டும் முடியவில்லை. காரணம் என் அப்பா. அவர் இருபத்திரண்டு வருஷம் மர மில்லில் ரம்பத்துக்கு முன்னால் நின்றவர். இப்போது வீட்டில் நாம் பேசினால் பேசுவது கேட்கும், என்ன பேசினோம் என்பது பிடிபடாது. பஸ் என்றால் பட் என்று கேட்கிறது என்பார். அம்மா இரண்டாவது தடவை சொல்லும்போது குரல் உயரும். ஏன் சண்டைக்கு வருகிறாய் என்று அவர் கோபப்படுவார். இந்தக் கூத்து எங்கள் வீட்டில் தினமும் உண்டு. அந்தப் பட்டறையில் நின்றபோது, மேஸ்திரி அண்ணனுக்கும் இன்னும் பத்து வருஷத்தில் இதே கதிதான் என்று எனக்குப் பட்டது.

லீவு முடிந்து வந்ததும் எங்கள் விரிவுரையாளரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, குழாயடியில் குடம் நிரம்புகிற சத்தத்தைக் கவனித்திருக்கிறாயா, அதைப் போய் யோசி, பிறகு ஹெல்ம்ஹோல்ட்ஸைப் படி என்றார். அப்படித்தான் எனக்கு இந்த மனிதர் அறிமுகம்.

1821-ஆம் வருஷம் ஆகஸ்ட் 31-ஆம் தேதி, பெர்லினுக்குப் பக்கத்தில் இருக்கும் போட்ஸ்டாம் என்ற ஊரில் பிறந்தார். அப்பா உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். வாத்தியார் சம்பளம், பெரிய குடும்பம். புரிகிறதல்லவா? பையன் சின்ன வயதில் நோஞ்சான். பல நாட்கள் படுக்கையிலேயே கழிந்தன. படுத்தபடி விளையாடியது மரக்கட்டைகளை வைத்து. சதுரம், செவ்வகம், முக்கோணம் என்று கட்டைகளை அடுக்கி அடுக்கி, பிறகு பள்ளிக்கூடத்தில் ஜியோமெட்ரி நடத்தியபோது வாத்தியார் சொல்வதற்கு முன்பே அவனுக்கு விடை தெரிந்திருந்ததாம். வலது எது, இடது எது என்பதில் மட்டும் ரொம்ப நாள் தகராறு. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத வார்த்தைகளை மனப்பாடம் செய்வது என்றாலும் ஆகாது. இதையெல்லாம் எழுபது வயதில், உலகமே கொண்டாடிய ஒரு விழாவில் அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். லத்தீன் வகுப்பில் மற்றவர்கள் பாடம் வாசித்துக்கொண்டிருக்க, இவர் டெஸ்க்குக்கு அடியில் லென்ஸ் வழியாக ஒளி எப்படிப் போகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாராம். நம்மில் பலரும் டெஸ்க்குக்கு அடியில் ஏதாவது செய்கிறவர்கள்தான். என்ன செய்கிறோம் என்பதை இங்கே எழுத வேண்டாம்!

பையனுக்கு இயற்பியல் படிக்க ஆசை. அப்பா கையில் காசு இல்லை. அந்தக் காலத்தில் பெர்லினில் ராணுவத்துக்கு டாக்டர்களைத் தயார் செய்கிற ஒரு அரசு நிறுவனம் இருந்தது. அங்கே சேர்ந்தால் படிப்புச் செலவு அரசாங்கத்துடையது. பதிலுக்குப் படிப்பு முடிந்து எட்டு வருஷம் ராணுவத்தில் டாக்டராக வேலை பார்க்க வேண்டும். அப்பா அதைத்தான் காட்டினார். 1838-இல் பதினேழு வயதில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அங்கே சேர்ந்தார். ஆசைப்பட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. பொறியியல் கல்லூரிக்கு ஆசைப்பட்டு, வீட்டு நிலைமையைப் பார்த்து பத்தாவதோடு டிப்ளமோவுக்கு வந்த நண்பர்கள் நம் விடுதியில் எத்தனை பேர்! அவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும்.

அவர் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. நிறுவனத்தின் நூலகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. அங்கே தூசி படிந்து கிடந்த பெர்னூலி, ஆய்லர் போன்றவர்களின் கணிதப் புத்தகங்களை எடுத்து, சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் தானே படித்தார். விடுதி அறையில் ஒரு பியானோவும் வைத்திருந்தார். 1841-இல் டைஃபஸ் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தார். மாணவர் என்பதால் வைத்தியமும் சாப்பாடும் இலவசம். அதனால் கைச்செலவுப் பணம் அப்படியே மிஞ்சியது. எழுந்து வந்ததும் அந்தப் பணத்தில் என்ன வாங்கினார் தெரியுமா? ஒரு சின்ன மைக்ராஸ்கோப்! அதை வைத்துச் செய்த ஆராய்ச்சிதான் 1842-இல் அவருக்கு டாக்டர் பட்டம் வாங்கித் தந்தது.

பிறகு போட்ஸ்டாமில் குதிரைப்படைக்கு டாக்டர். சிப்பாய்களின் காயங்களுக்குக் கட்டுப் போட்டது போக மிச்ச நேரத்தில் அந்தப் பாசறையிலேயே ஒரு சின்ன ஆய்வகம் வைத்துக்கொண்டார். தவளையின் தசை சுருங்கும்போது எவ்வளவு வெப்பம் வருகிறது என்று அளந்தார். அதில் தொடங்கிய யோசனை 1847 ஜூலையில் ஆற்றல் அழிவின்மை விதியாக வந்து நின்றது. அப்போது வயது இருபத்தைந்து. இதை எழுதிக் கொடுத்தபோது ஜெர்மனியின் பெரிய இயற்பியல் இதழின் ஆசிரியர் போகெண்டார்ஃப், சோதனை போதாது, வெறும் தத்துவமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார். தனிப் புத்தகமாக அச்சிட்டுத்தான் வெளியிட வேண்டியிருந்தது. இந்த விஷயத்தில் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. இதே கருத்தை ராபர்ட் மேயர் என்ற இன்னொரு ஜெர்மன் டாக்டர் 1842-லேயே வெளியிட்டிருந்தார். ஹெல்ம்ஹோல்ட்ஸின் 1847 புத்தகத்தில் மேயர் பெயரே கிடையாது. பின்னாளில் அவரது முன்னுரிமையை ஒப்புக்கொண்டார் என்றாலும், மேயர் பட்ட மனக்கஷ்டம் கொஞ்சநஞ்சம் அல்ல. நம் கதாநாயகர் என்பதற்காக நான் பூசி மெழுகப் போவதில்லை.

எட்டு வருஷம் முடியும் முன்பே ராணுவம் அவரை விடுவித்தது. 1849-இல் கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியர் ஆனார். அடுத்தடுத்து வந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நரம்பில் செய்தி போகிற வேகத்தை அளக்கவே முடியாது என்று அவருடைய குருநாதர் யோஹன்னஸ் முல்லரே நினைத்திருந்தார். சிஷ்யர் தவளை நரம்பை வைத்து அளந்து, அது விநாடிக்குச் சுமார் 30 மீட்டர் அளவில்தான் என்று 1850-இல் காட்டினார். 1851-இல் கண்ணுக்கு உள்ளே பார்க்கிற ஆஃப்தால்மோஸ்கோப் கருவியைப் பற்றி எழுதினார். கண்ணாஸ்பத்திரியில் டாக்டர் விளக்கடித்துக் கண்ணின் பின்சுவரைப் பார்க்கிறாரே, அதற்கு மூலம் அதுதான். 1855-இல் பான் நகரம், 1858-இல் ஹைடல்பர்க்.

இப்போது நம் ரம்பத்துக்கு வருவோம். ஏனென்றால் அவர் காதுப் பக்கம் திரும்பியது இந்த வருஷங்களில்தான்.

ஒரு வீணையிலும் ஒரு நாகஸ்வரத்திலும் ஒரே ஸ்வரத்தை வாசித்தாலும், இது வீணை, இது நாகஸ்வரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுகிறோம். எப்படி? ஒரு சத்தத்துக்குள் அடிப்படை அலைவெண்ணோடு மேலே பல அலைவெண்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றின் கலவைதான் வித்தியாசம் என்பது ஹெல்ம்ஹோல்ட்ஸின் பதில். சரி, ஒளிந்திருப்பதைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்பது எப்படி? இன்று கம்ப்யூட்டர் செய்துவிடும். அவர் காலத்தில் மின்சார பல்பே கடைக்கு வரவில்லை.

அவர் செய்தது உள்ளீடற்ற உருண்டைகள். முதலில் கண்ணாடிக் குடுவைகள், பிறகு பித்தளை உருண்டைகள். ஒரு பக்கம் சத்தம் நுழைய ஒரு வாய், எதிர்ப்பக்கம் காதில் செருக ஒரு சின்ன மூக்கு. மூக்கு காதுக்குள் இடைவெளி இல்லாமல் பொருந்துவதற்காக, அரக்கைச் சூடாக்கித் தன் காது அளவுக்கே அச்சு எடுத்து ஒட்டிக்கொண்டார். ஒரு உருண்டையைக் காதில் வைத்து, மற்றக் காதை அடைத்துக்கொண்டால், வெளியே எத்தனை சத்தம் இருந்தாலும் அந்த உருண்டைக்கு உரிய ஒரே ஒரு அலைவெண் மட்டும் காதுக்குள் பெரிதாக முழங்கும். மற்றது எல்லாம் அமுங்கிவிடும். பெரிய உருண்டை தாழ்ந்த சுருதியைப் பிடிக்கும், சின்ன உருண்டை உயர்ந்த சுருதியை. பிற்பாடு பாரிஸில் ருடால்ஃப் கோனிக் என்ற கருவி செய்பவர் இந்த உருண்டைகளை செட் செட்டாகச் செய்து உலகம் முழுவதும் விற்றார்.

இது எப்படி வேலை செய்கிறது? இங்கேதான் மெக்கானிக்கல் மாணவர்களாகிய நமக்குக் கொண்டாட்டம். உருண்டையின் வாயில் நிற்கிற காற்றை ஒரு எடைக்கட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங். எடைக்கட்டியை உள்ளே தள்ளினால் ஸ்பிரிங் அமுங்கி, திரும்ப வெளியே தள்ளும். தியரி ஆஃப் மெஷின்ஸில் நாம் போட்டுப் போட்டு அலுத்த அதே ஸ்பிரிங்-மாஸ் கணக்கு! உள்ளே இடம் குறைந்தால் ஸ்பிரிங் விறைப்பாகும், சுருதி ஏறும். குழாயடியில் குடம் நிரம்ப நிரம்பச் சத்தம் மேலே ஏறுவது இப்படித்தான். குடத்தைப் பார்க்காமலேயே, பக்கத்து வீட்டம்மாளிடம் பேசிக்கொண்டே, சரியான நேரத்தில் குழாயை மூடுகிற என் பாட்டிக்கு இந்தத் தத்துவம் எப்போதோ தெரியும். அதைக் கணிதமாக்கி 1860-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வெளியிட்டார்.

அந்தக் கட்டுரை வந்த நேரத்தில் அவர் வீட்டு நிலைமையையும் சொல்ல வேண்டும். 1859-இல் அப்பா இறந்தார். அதே வருஷம் டிசம்பர் கடைசியில், பல காலம் நோயில் கிடந்த மனைவி ஓல்காவும் இறந்தார். கையில் இரண்டு குழந்தைகள். அவருக்கே அடிக்கடி ஒற்றைத் தலைவலி வேறு. காற்று எப்படி அதிர்கிறது என்ற அந்தக் கணக்கின் பக்கங்களைப் பார்க்கிறவர்களுக்கு, அதை எழுதிய வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது தெரியாது. 1861-இல் ஆன்னா என்ற பெண்மணியை மறுமணம் செய்துகொண்டார்.

சரி, நம் பட்டறைக்குப் போவோம். தகரத்தால் நாலு புறமும் அடைத்து, கீழே ஒரு வாய் வைத்த பெட்டி. யோசித்துப் பாருங்கள், அது என்ன? முதலாளி தனக்கே தெரியாமல் ஒரு ஹெல்ம்ஹோல்ட்ஸ் உருண்டையைச் செய்து, அதற்குள் மோட்டாரை வைத்துவிட்டார்!

நான் மறுபடி போய் அளந்தேன். உள் அளவு உத்தேசமாக 60 செ.மீ., 60 செ.மீ., 80 செ.மீ. கொள்ளளவு 0.288 கன மீட்டர். வாய் 30 செ.மீ.க்கு 15 செ.மீ., அதாவது 0.045 சதுர மீட்டர். தகரத்தின் கனம் ஒன்றுமில்லை. ஆனாலும் வாய்க்கு உள்ளேயும் வெளியேயும் இருக்கிற காற்று கொஞ்சம் சேர்ந்து அசையும். அதற்கான திருத்தத்தைச் சேர்த்தால் கழுத்தின் நீளம் சுமார் 20 செ.மீ. ஆகிறது. பரப்பைக் கொள்ளளவாலும் கழுத்து நீளத்தாலும் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, ஒலியின் வேகத்தால் பெருக்கி, இரண்டு பையால் வகுத்தேன். கிட்டத்தட்ட 48 ஹெர்ட்ஸ் வந்தது. மோட்டார் நிமிஷத்துக்கு 2880 சுற்று. அறுபதால் வகுங்கள்: 48!

கால்குலேட்டரை மூன்று தடவை தட்டிப் பார்த்தேன் நண்பர்களே. மோட்டாரில் இருந்த சின்ன பாலன்ஸ் கோளாறு, முன்பு காதிலேயே விழாத ஒன்று, ஒவ்வொரு சுற்றுக்கும் பெட்டிக்குள் இருந்த காற்றை ஒரு தட்டு தட்டியது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல. அதுதான் அந்த ஹூம்... ஹூம்...

கணக்கு சரியா என்று சோதிக்க வேண்டாமா? போனை வைத்து அளக்கப் பார்த்தேன். இவ்வளவு தாழ்ந்த ஒலியை அதன் மைக் சரியாகப் பிடிக்கவில்லை. மேஸ்திரி அண்ணனைக் கெஞ்சி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட விட்டோம். ரம்பம் நிற்கிறது, முழக்கம் மட்டும் அப்படியே இருந்தது. பிறகு ஒரு பலகையால் வாயில் மூன்றில் இரண்டு பங்கை மூடினோம். கணக்குப்படி ஒத்ததிர்வு 36 ஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும். முழக்கம் சட்டென்று அடங்கியது. அண்ணன் என் முதுகில் ஒரு அறை வைத்தார் பாருங்கள், ராத்திரி வரை வலித்தது.

ஆனால் சந்தோஷம் அரை மணி நேரம்தான். வாய் சிறுத்ததால் மரத்தூள் வெளியேறாமல் உள்ளே குவிந்து பெல்ட் வரைக்கும் வந்துவிட்டது. பெட்டிக்குள் தூள் சேர்ந்தால் தீ அபாயமும் உண்டு. இந்த இடத்தில் முதலாளி பேசிய வசனங்களை இந்த மலரில் அச்சிட முடியாது. கடைசியில் பட்டறையின் மூலையில் ரிப்பேர் என்று போட்டு வைத்திருந்த தூசி உறிஞ்சும் புளோயரைச் சரி செய்து, பெரிய வாயை அடைத்து, நாலு அங்குலக் குழாய் ஒன்றை அதில் மாட்டினோம். தூள் குழாய் வழியே போனது. ஒத்ததிர்வு மோட்டார் வேகத்துக்கு வெகு கீழே இறங்கிப் போனது.

மிச்சம் இருந்தது ரம்பத்தின் கீச்சு. அது வேறு ஜாதி. பெல்ட் கொடுக்கிற வேகத்தில் ரம்பம் நிமிஷத்துக்கு 4000 சுற்று, அதில் 60 பல். அப்படியென்றால் விநாடிக்கு 4000 பல் காற்றை வெட்டுகிறது: 4000 ஹெர்ட்ஸ். பல்லிடுக்குகளில் சுழலுகிற காற்று, தட்டின் சொந்த அதிர்வோடு ஒத்துப் போய்விட்டால் மரம் வைக்காமல் சும்மா ஓடும்போதே விசிலடிக்கும். (நல்ல ரம்பத் தட்டுகளில் வளைந்து வளைந்து மெல்லிய கீறல்கள் வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு என்று நானும் நினைத்திருந்தேன். அதிர்வைத் தட்டு முழுக்கப் பரவ விடாமல் அமுக்குவதற்கும் அவை உதவுகின்றன.) வெறும் தகரப் பெட்டிக்குள் இந்தக் கீச்சு சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, உறிஞ்சுவார் இல்லாமல் சேர்ந்து சேர்ந்து, எந்தச் சந்து கிடைக்கிறதோ அது வழியாக வெளியே வரும். பெட்டியின் உள்சுவருக்கு மெத்தை போட்ட மாதிரி ஏதாவது வேண்டும். சாக்கும் தென்னை நாரும் தீப்பிடிக்கும். ஃபோம் அதைவிட மோசம். ராக் வூல் வைத்து, மேலே துளைத் தகடு அடித்தோம். அந்தத் துளைத் தகடும் பின்னால் உள்ள இடைவெளியும் சேர்ந்தால் நூற்றுக்கணக்கான குட்டி ஹெல்ம்ஹோல்ட்ஸ் உருண்டைகள்தான் என்று அப்புறம் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தொந்தரவு கொடுத்தவரே வைத்தியமும் பார்க்கிறார்!

மரம் அறுக்கும்போது வருகிற சத்தம் இதனாலெல்லாம் முழுதாகப் போய்விடாது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெல் உச்சவரம்பு என்று நம் தொழிற்சாலை விதிகள் சொல்கின்றன; 85-ஐத் தாண்டினாலே காதுக்குக் கேடு என்று சொல்கிற நிபுணர்களும் உண்டு. காதில் அடைப்பான் போட்டுத்தான் ஆக வேண்டும். அது அந்தப் பட்டறையில் அப்போது ஒருவருக்கும் கொடுக்கப்படவில்லை. இரண்டு ஜோடியை நானே வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அண்ணன் ஒன்றைப் போட்டுக்கொண்டார். இன்னொன்று ஆணியில் தொங்குவதாகக் கேள்வி.

4000 ஹெர்ட்ஸ் என்றேனே, அந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் இசையையும் கேட்கும் புலனையும் பற்றி ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். அதில் நம் காதைப் பற்றி ஒரு துணிச்சலான கருத்தைச் சொன்னார். உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு எலும்புக் குழல் இருக்கிறது. அதற்குள் பியானோவின் தந்திகள் போல வரிசையாக நுண்ணிய உறுப்புகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதிக்கு ஒத்து அதிர்கிறது. அதாவது அந்தப் பித்தளை உருண்டைகளின் செட் ஒன்றை இயற்கையே நம் தலைக்குள் வைத்திருக்கிறது என்பது அவர் நினைப்பு. எல்லாமே அவர் சொன்னபடி இல்லை. தனித்தனித் தந்தி கிடையாது, அலை ஒன்று சவ்வின் மேல் ஓடி ஓரிடத்தில் உச்சம் காண்கிறது என்று பிற்காலத்தில் ஃபோன் பெகெஷி நிரூபித்து 1961-இல் நோபல் பரிசு வாங்கினார். (அவரும் ஹங்கேரி தபால் துறையின் டெலிபோன் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்!) ஆனால் ஒவ்வொரு சுருதிக்கும் காதுக்குள் ஒவ்வொரு இடம் என்ற அடிப்படை நின்றுவிட்டது. இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்கு முதலில் சேதமாகிற இடம் எது என்றால், சுமார் 4000 ஹெர்ட்ஸுக்கு உரிய இடம். ச, ஸ, த போன்ற எழுத்துகளின் கூர்மையான சத்தம் இருக்கும் உயர்ந்த பகுதி அதுதான். பஸ் என்பது பட் என்று என் அப்பாவுக்கு ஏன் கேட்டது என்பது 2 மார்க் கேள்வியாக இல்லாமல் எனக்கு அன்றுதான் விளங்கியது. அங்கே போன உயிரணு திரும்ப முளைப்பதில்லை.

இந்தப் புத்தகத்துக்கும் நமக்கும் ஒரு நேரடிச் சம்பந்தம் உண்டு. 1875-இல் வந்த அதன் ஆங்கிலப் பதிப்பைத் திருவானைக்காவலில் பிறந்த ஒரு பையன் படித்தார். தன்னை உருவாக்கிய மூன்று புத்தகங்களில் அது ஒன்று என்று அவர் பிற்காலத்தில் குறிப்பிட்டார். சர் சி.வி. ராமன்தான் அவர். கல்கத்தாவில் கணக்குத் துறை உத்தியோகம் பார்த்துக்கொண்டே, காலையிலும் மாலையிலும் வயலின் தந்தியை ஆராய்ந்தார். சம்பளத்துக்கு ஒரு வேலை, மனசுக்கு ஒரு வேலை. போட்ஸ்டாம் பாசறை டாக்டரின் அதே வழி.

ஹெல்ம்ஹோல்ட்ஸின் மிச்சக் கதை உயரம் ஏறிய கதை. 1871-இல், ஐம்பது வயதில், பெர்லினில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். பதினேழு வயதில் கிடைக்காத பாடம் ஒரு வழியாகக் கைக்கு வந்தது! 1883-இல் பிரபுப் பட்டம். பெயருக்கு முன்னால் ஃபோன் சேர்ந்தது. 1888-இல் நாட்டின் அளவைகளுக்கும் தொழில்நுட்பத்துக்குமான புதிய தேசிய நிறுவனத்துக்கு முதல் தலைவர். வகுப்பில் பாடம் நடத்துவதில் மட்டும் மனிதர் அவ்வளவு கெட்டிக்காரர் இல்லையாம். தயாரிப்பில்லாமல் வந்து, கரும்பலகையில் தப்பும் தவறுமாகக் கணக்குப் போடுவார் என்று அவரிடம் படித்த மாக்ஸ் பிளாங்க் பின்னாளில் குறைப்பட்டிருக்கிறார். நம்ம ஆசிரியர்கள் யாரும் இதைப் படித்து ஆறுதல் அடைய வேண்டாம்!

கடைசி வருஷங்கள் கஷ்டமானவை. 1889-இல் இயற்பியல் படித்த மகன் ராபர்ட் இளம் வயதில் இறந்தார். 1894 ஜனவரி 1-ஆம் தேதி, மகனைப் போல நேசித்த மாணவர் ஹைன்ரிஹ் ஹெர்ட்ஸ் முப்பத்தாறு வயதில் போய்விட்டார். நாம் 48 ஹெர்ட்ஸ், 4000 ஹெர்ட்ஸ் என்று எழுதுகிறோமே, அந்த ஹெர்ட்ஸ்தான். அவர் விட்டுச் சென்ற கடைசிப் புத்தகத்துக்கு முன்னுரை எழுதிக் கொடுத்தது வயதான குரு. அதற்கு முந்தைய வருஷம் சிகாகோ கண்காட்சிக்குப் போய்த் திரும்பும்போது கப்பலின் படிக்கட்டில் விழுந்து தலையில் அடிபட்டிருந்தார். அதிலிருந்து உடம்பு முழுதாகத் தேறவில்லை. 1894 செப்டம்பர் 8-ஆம் தேதி காலமானார்.

நம் கல்லூரிக் கண்காட்சியில் இந்த வருஷம் எங்கள் குழு ஐந்து செம்புகளை வரிசையாக வைத்திருந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றின் அடியிலும் துளை போட்டு, காதில் வைக்க ரப்பர் குழாய் சொருகியிருந்தோம். ஹெல்ம்ஹோல்ட்ஸ் உருண்டையின் நாட்டு மாடல். என் அப்பாவும் வந்திருந்தார். பெரிய செம்பைக் காதில் வைத்துக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, உள்ளே யாரோ முனகுகிற மாதிரி இருக்கிறது என்று சிரித்தார். பக்கத்து ஸ்டாலில் ஓடிய ஜெனரேட்டரின் சத்தம் அது. பிறகு என் போனில் 500 ஹெர்ட்ஸ் ஒலியை வைத்தேன், தலையை ஆட்டினார். 1000 வைத்தேன், ஆட்டினார். 4000 வைத்தபோது, சுற்றி நின்ற என் நண்பர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு காதைப் பொத்தினார்கள். அப்பா மட்டும் செல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், இன்னும் ஆரம்பிக்கவில்லையா என்று என்னிடம் கேட்டார்.